பசிக்காமலே ஒரு பட்டினிச் செய்தி

சுட்டிகளே, உங்கள் இதயம் ஒரு நாளில் ஏறக்குறைய ஒரு லட்சம் முறை துடிக்கிறது. தோலில் செல்கள் தேய்ந்தால் புதியவை பிறந்துகொண்டே இருக்கும். இதயத் தசையில் அப்படிப் புதுச் செல்கள் பிறப்பது மிகமிகக் குறைவு. இருக்கிற செல்களே ஆயுள் முழுக்க உழைக்க வேண்டும்!

அப்படியானால், அவற்றுக்குள் பழுதாகும் பாகங்களை யார் அகற்றுவது? செல்லேதான். பழைய நகையை உருக்கிப் புதுநகை செய்வதுபோல, கெட்டுப்போன புரதங்களைச் சிதைத்து, அதிலிருந்தே புதியவற்றைக் கட்டிக்கொள்ளும். இதற்குத் ‘தன்விழுங்கல்’ என்று பெயர். ஈஸ்ட் செல்களில் இதற்கான மரபணுக்களைக் கண்டறிந்த ஜப்பானிய விஞ்ஞானி யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் பரிசு கிடைத்தது.

உணவு நிறைய வரும்போது இந்த வேலை மந்தமாகும், குறையும்போது சூடுபிடிக்கும். உணவைக் குறைத்தால் ஆயுள் கூடுவதை அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மெக்கே 1935லேயே எலிகளிடம் காட்டினார். ஆனால் குட்டியிலிருந்தே குறைவாகத் தின்ற அந்த எலிகள் சரியாக வளரவில்லை. அதனால் வளரும் வயதில் நீங்கள் வயிறாரச் சாப்பிட்டே ஆக வேண்டும்.

சாப்பாட்டைக் குறைக்காமலே, ‘உணவு வரவில்லை’ என்ற செய்தியைச் செல்லுக்கு அனுப்ப முடியுமா? முடியும்போல் இருக்கிறது. இந்தச் செய்தியைச் செல்லுக்குத் தரும் ஸ்பெர்மிடின் என்றொரு பொருள் நம் உடலிலேயே உண்டாகிறது. கோதுமையின் முளைக்கரு, சோயா, காளான், பச்சைப் பட்டாணி ஆகியவற்றிலும் உண்டு. வயதாக ஆக, உடலில் இதன் அளவு குறைகிறது.

ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகர ஆய்வாளர்கள் இதைக் குடிநீரில் கலந்து வயதான சுண்டெலிகளுக்குக் கொடுத்தார்கள். முதுமையில் இதயத் தசை விறைத்துப்போகும். துடிப்புக்குத் துடிப்பு நன்றாகத் தளர்ந்து ரத்தத்தை நிரப்பிக்கொள்ளாது. ஸ்பெர்மிடின் குடித்த சுண்டெலிகளின் இதயமோ நன்றாகத் தளர்ந்தது! இது தன்விழுங்கலால்தானா? அதையும் சோதித்தார்கள். இதயச் செல்களில் தன்விழுங்கலுக்கான மரபணுவை நீக்கிய சுண்டெலிகளுக்கும் அதே நீரைக் கொடுத்தார்கள். அவற்றின் இதயத்துக்குப் பலன் கிடைக்கவில்லை. எவ்வளவு அழகான சோதனை!

2024இல் இன்னொரு வியப்பு. பட்டினி கிடக்கும்போது உடலில் ஸ்பெர்மிடின் தானாகவே கூடுகிறது. அது உருவாகாமல் தடுத்தபோது, ஈஸ்ட், புழு, ஈ போன்ற உயிர்களில் பட்டினியின் நன்மையும் மறைந்துபோனது. பட்டினியைப் போல நடிக்கிறது என்று நினைத்த பொருள், பட்டினி பலன் தருவதற்கே தேவைப்படுகிறது. இதை மாத்திரையாக விழுங்கினால் மனித இதயமும் அதேபோல் தளருமா என்பதை விஞ்ஞானிகள் இப்போது சோதித்து வருகிறார்கள்.