கள் புளித்தால் கலப்படம்தானா?

வன்னியில் தவறணைப் பக்கம் போனால் நான் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு, "கள் புளிக்குது, ஏதோ கலந்திருக்கிறாங்கள்" என்பதுதான். ஆனால், எதுவும் கலக்காமலும் கள் புளிக்கும்.

பாளையில் வடிவது இனிப்புச் சாறு. முட்டியில் விழுந்ததுமே மதுவம் அதிலுள்ள சீனியை மதுசாரமாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றத் தொடங்கிவிடும். நுரை அதன் அடையாளம். பின்னர் காற்றுப் பட, ஒருவகை பற்றீரியா மதுசாரத்தை அசற்றிக் அமிலமாக்கும். வெக்கையில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

இறக்கி நெடுநேரமான கள் மூக்கைக் குத்துவது இயல்பு. இறக்கும்போதே கடுமையாகப் புளித்தால் முட்டியைக் கவனியுங்கள்: பழைய மண்டியைக் கழுவி, கொதிநீர் ஊற்றி, வெயிலில் காயவிட வேண்டும். நுரையே இல்லாவிட்டால் முட்டியில் சுண்ணாம்பு பட்டிருக்கலாம். அது நொதித்தலைத் தடுக்கும். கருப்பநீர் இனிப்பாக இருப்பதும் சுண்ணாம்பால்தான். நொதிக்கும் கள்ளைப் போத்தலில் இறுக மூடாதீர்கள், வெடிக்கும்.

போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்காகப் பனைகள் தறிக்கப்பட்ட மண் இது. எஞ்சிய மரங்களில் உயிரைப் பணயம் வைத்து ஏறுபவரின் உழைப்பு ஒரே நாளில் புளித்துவிடுகிறது. புளித்த கள்ளை வினாகிரியாக்கலாம். அதற்கான வசதி ஊரிலேயே கிடைத்தால், அந்த உழைப்பு நிலத்தில் கொட்டப்படாது.