அடுத்த எழுத்து வரும் வரை

ஓர் எழுத்து பிழையாக விழுந்துவிட்டால் அதை அழித்துத் திருத்துவது எவர்க்கும் இயல்பு. ஆனால் சரியாக விழுந்த எழுத்தையே பிழையென்று எண்ணி, ஒரு மாலைப்பொழுது முழுவதும் அழித்துக்கொண்டிருந்த பேதை ஒருவரை வாசகர்கள் கண்டதுண்டோ? அப்பேதை வேறு யாருமல்லர், நாமேதான். ஆங்கில எழுத்துகள் பொறித்த கணினி விசைப்பலகையின்முன் அமர்ந்து, கொரிய மொழியில் ஒரு மடல் தட்ட முற்பட்டதனால் வந்த வினை அது.

சென்னைக்கு மேற்கே திருப்பெரும்புதூர் வட்டாரத்தில் 1990-களின் பிற்பகுதி முதல் கொரிய நாட்டுத் தொழிற்சாலைகள் எழுந்தன. அவற்றை ஒட்டிக் கொரியக் குடும்பங்களும் இங்கு வந்து தங்கின. அத்தகைய குடும்பம் ஒன்று சில ஆண்டுகள் நமது பங்கின் எல்லைக்குள் குடியிருந்தது. கணவர், மனைவி, ஒரு சிறுவன், அவனுடைய பாட்டி ஆகிய நால்வரும் ஞாயிறுதோறும் திருப்பலிக்குத் தவறாமல் வருவர். சிறுவன் தன் தந்தையை 'அப்பா' என்று உரக்க அழைத்தபோது, ஆலயத்தில் இருந்த தமிழ்த் தந்தையர் சிலர் தம் பிள்ளைதான் அழைக்கிறதோ என்று திரும்பிப் பார்த்ததுண்டு. கொரியக் குழந்தைகளும் தந்தையை 'அப்பா' என்றே அழைக்கின்றன. பாட்டிக்கோ தாய்மொழியன்றி வேறொரு மொழியும் தெரியாது. திருப்பலி முடிந்ததும் நம்முன் வந்து தலை குனிந்து நிற்பார். நாம் ஆசி அளிப்போம். எங்கள் இருவருக்குமிடையே இருந்த உரையாடல் அவ்வளவே.

குடும்பம் தாயகம் திரும்பி ஆண்டுகள் பல சென்றன. சிறுவனாயிருந்தவன் இப்போது கல்லூரி மாணவன். பாட்டி நோயுற்றுப் படுக்கையில் இருப்பதாகவும், தமிழ்நாட்டுக் குருவானவரை அடிக்கடி நினைவுகூர்வதாகவும், இரண்டு வரி எழுதினால் மிகவும் மகிழ்வார் என்றும் அவன் ஆங்கிலத்தில் மடல் அனுப்பியிருந்தான். நாமும் ஆங்கிலத்தில் எழுதியிருக்கலாம். பேரன் மொழிபெயர்த்து வாசித்துக் காட்டியிருப்பான். ஆனால் பிறர் வாய்வழியே கேட்கும் மடல் வேறு, தம் கண்ணால் தாமே வாசிக்கும் மடல் வேறு அல்லவா? அவருடைய எழுத்திலேயே எழுதுவது என்று உறுதி பூண்டோம்.

இருபத்தாறு விசைகள்

நமக்கு ஆசிரியையாக வாய்த்தவள் மறைக்கல்வி வகுப்புக்கு வரும் ஒரு பத்தாம் வகுப்பு மாணவி. கொரியத் தொடர்களைப் பார்த்துப் பார்த்தே அம்மொழியை ஓரளவு கற்றுக்கொண்டவள். கணினியின் மொழி அமைப்பில் கொரிய மொழியைச் சேர்த்தாள். வலப்பக்கத்து 'ஆல்ட்' விசையைத் தட்டினால் ஆங்கிலம் கொரியமாக மாறும், மீண்டும் தட்டினால் ஆங்கிலமே திரும்பும் என்று காட்டினாள். கொரிய நாட்டில் விற்கும் பலகைகளில் இதற்கெனவே தனி விசை உண்டு.

எந்த விசையில் எந்த எழுத்து என்பதுதான் அடுத்த வினா. கொரிய நாட்டின் தரப்படுத்தப்பட்ட அமைப்புக்கு 'தூபொல்சிக்' என்று பெயர். 'இரு தொகுதி முறை' என்பது அதன் பொருள். பலகையின் இடப்பாதியில் மெய்யெழுத்துகள் பதினான்கு, வலப்பாதியில் உயிரெழுத்துகள் பன்னிரண்டு. ஆங்கில எழுத்துகளுக்குரிய 26 விசைகளில் ஒன்றுகூட எஞ்சவில்லை. அழுத்தி ஒலிக்கும் இரட்டை மெய்கள் ஐந்துக்கும், வேறு இரு உயிர்களுக்கும் 'ஷிஃப்ட்' விசையைச் சேர்த்து அழுத்தவேண்டும். 1999-இல் தமிழக அரசு ஏற்ற 'தமிழ்99' அமைப்பில் உயிர் இடப்பக்கமும் மெய் வலப்பக்கமும் இருப்பதை அறிந்தவர்கள், இது அதன் கண்ணாடி நிழல் என்று உணர்வர்.

விசையின்மீதுள்ள ஆங்கில எழுத்தின் ஒலிக்கும் கொரிய எழுத்தின் ஒலிக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை. 'ஹங்குல்' என்பது கொரிய எழுத்துமுறையின் பெயர். அதைத் தட்ட ஜி, கே, எஸ், ஆர், எம், எஃப் என்னும் ஆறு விசைகளை வரிசையாக அழுத்தவேண்டும். ஜி 'ஹ்' ஆகிறது; கே 'அ' ஆகிறது; எஸ் 'ன்' ஆகிறது. இம்மூன்றும் கூடி ஒரு சதுரக் கட்டத்துக்குள் 'ஹன்' என்று அமர்கின்றன. அடுத்த மூன்றும் 'குல்' என்று அமர்கின்றன. இரண்டாம் அசையில் உள்ள உயிர், இதழ் குவியாமல் ஒலிக்கும் உகரம். நமது குற்றியலுகரத்தை ஒலித்துப் பாருங்கள், அதுவே.

கொள்ளிவாய்ப் பிசாசு

'பாட்டி' என்பதைக் கொரியர் 'ஹல்மொனி' என்பர். ஏழு தட்டலில் முடியும் சொல். 'ஹல்' என்பது அழகாக வந்தது. அடுத்து 'ம்' தட்டினோம். அது புதிய கட்டத்துக்குச் செல்லாமல் பழைய கட்டத்துக்குள்ளேயே புகுந்து, 'ல்' எழுத்தின் அருகில் ஒட்டிக்கொண்டது. பிழையென்று அழித்தோம். மீண்டும் தட்டினோம், மீண்டும் ஒட்டிக்கொண்டது. மீண்டும் அழித்தோம். இவ்வாறே மாலைப்பொழுது கழிந்தது. கணினியின்மீது நமக்கு வந்த சினம் ஒரு குருவானவருக்குத் தகுந்ததன்று என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

மறுநாள் வந்த மாணவி, நாம் படும் பாட்டைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "ஃபாதர், நீங்க ஏன் அழிக்கிறீங்க? அடுத்த எழுத்தையும் அடிங்க, அதுவே சரியாயிடும்" என்றாள்.

அவ்வாறே செய்தோம். 'ம்' எழுத்தை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு அடுத்த உயிரைத் தட்டியதும், ஒட்டிக்கொண்டிருந்த 'ம்' தானாகக் கழன்று அடுத்த கட்டத்துக்குத் தாவி, அவ்வுயிரோடு கூடி 'மொ' ஆயிற்று. அடுத்து 'ன்' அதன் கீழே ஒட்டிக்கொண்டது. 'இ' வந்ததும் அதுவும் தாவி 'னி' ஆயிற்று. பாட்டி திரையில் முழுமையாக எழுந்தருளினார்!

தனித்து நிற்கும் மெய் முந்தைய அசையைச் சார்ந்திருக்கும். உயிர் வந்தால் அதனோடு சேர்ந்துவிடும். மெய்யின்மேல் உயிர் ஏறுவதைப் பள்ளியில் படித்த நமக்கு இது புதிதன்று; கண்முன் நிகழக் கண்டதுதான் புதிது. இப்படி எழுத்து இடம்விட்டு இடம் தாவுவதைக் கொரியர் 'தொக்கேபி புல்' என்று வேடிக்கையாக அழைக்கின்றனர். பூத நெருப்பு என்பது பொருள். இரவில் சதுப்பு நிலத்தில் தோன்றித் தோன்றி மறையும் ஒளியை நம் கிராமத்தார் கொள்ளிவாய்ப் பிசாசு என்பரே, அதேதான்.

இந்த எழுத்துக்கு வந்த சோதனைகள்

பூதத்தை அடக்கிய பின்னர், இவ்வெழுத்தின் வரலாற்றைத் தேடிப் படித்தோம். கொரிய நாட்டில் கற்றோர் சீன எழுத்துகளிலேயே எழுதிவந்த காலம். எளிய மக்கள் தம் மனத்திலுள்ளதை எழுத வழியின்றி இருந்தனர். அவர்கள்பால் இரக்கம் கொண்ட சேஜோங் மன்னர் 1443-இல் புதிய எழுத்தை உருவாக்கி, 1446-இல் நாட்டுக்கு வழங்கினார். மெய்களின் வடிவம் நாவும் பல்லும் இதழும் தொண்டையும் ஒலியை எழுப்பும் நிலையைக் காட்டுகிறது. உயிர்களோ வானைக் குறிக்கும் புள்ளி, மண்ணைக் குறிக்கும் கிடைக்கோடு, மனிதனைக் குறிக்கும் நிலைக்கோடு ஆகிய மூன்றிலிருந்து பிறந்தவை. அறிவாளி ஒரு காலைப்பொழுதுக்குள்ளும், மந்தமானவர் பத்து நாளிலும் கற்றுவிடலாம் என்று அன்றைய விளக்கநூல் கூறியது. நாம் எவ்வகையினர் என்பதை வாசகர்களே முடிவு செய்துகொள்ளலாம்.

1444-இலேயே அரசவை அறிஞர் சிலர் இவ்வெழுத்தை எதிர்த்தனர். நெடுங்காலம் கற்றோர் இதை இழிவாகவே கருதினர். ஆனால் பெண்களும் எளியோரும் இதைக் கைவிடவில்லை. கொரிய நாட்டுத் திருச்சபைக்கும் இதில் பங்குண்டு. 1784-இல் ஈ சுங்ஹுன் பீக்கிங் நகரில் திருமுழுக்குப் பெற்றுத் திரும்பிய பின், குருக்கள் எவரும் இல்லாமலே அங்கு விசுவாசம் பரவியது. ஜொங் யாக்ஜொங் என்னும் பொதுநிலையினர், கல்லாத மக்களும் வாசிக்கவேண்டும் என்று மறைக்கல்வி நூல் ஒன்றை இந்த எளிய எழுத்திலேயே எழுதினார். 1801-இல் மறைச்சாட்சியாக உயிர் நீத்த அவரை, 2014-இல் திருத்தந்தை பிரான்சிஸ் சியோல் நகரில் முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார்.

ஜப்பானிய ஆட்சியில் சோதனை மேலும் கடுமையாயிற்று. 1942-இல் கொரிய மொழிச் சங்கத்தார் கைது செய்யப்பட்டனர். அவர்களுள் இருவர் சிறையிலேயே மாண்டனர். அவர்கள் தொகுத்த அகராதியின் கையெழுத்துப் படி பறிபோயிற்று. விடுதலைக்குப் பின் 1945-இல் அது சியோல் தொடர்வண்டி நிலையத்துக் கிடங்கில் கிடைத்தது.

பின்னர் வந்தது இயந்திரத்தின் சோதனை. தட்டச்சுப்பொறிக்கு ஒரு மெய் அசையின் முதலில் வருகிறதா, இறுதியில் வருகிறதா என்று தெரியாது. ஆகவே கொங் பியோங்வூ என்னும் கண் மருத்துவர், 1949-இல் முதல்மெய், உயிர், இறுதிமெய் என மூன்று தொகுதிகள் கொண்ட விரைவுத் தட்டச்சுப்பொறியை அமைத்தார். 1969-இல் அரசு நான்கு தொகுதி முறையைத் தட்டச்சுக்குத் தரமாக்கியது. எழுத்தின் இடத்தைத் தானே கணிக்கும் ஆற்றல் கணினிக்கு இருந்தமையால், 1982-இல் இரு தொகுதி முறை அதற்குத் தரமாயிற்று. விரலுக்கு வேலை குறைந்தது. அதற்கு விலையாகப் பூத நெருப்பு திரையில் புகுந்தது.

சோதனை அத்துடன் தீரவில்லை. முதல்மெய் 19, உயிர் 21, இறுதிமெய் இல்லாமையையும் சேர்த்து 28. இவற்றைப் பெருக்கினால் வரும் அசைகள் 11,172. ஆனால் 1987-ஆம் ஆண்டுக் கணினித் தரத்தில் 2,350 அசைகளுக்கே இடம் கிடைத்தது. விடுபட்ட அசையைத் தம் பெயரில் கொண்டவர், தம் பெயரையே பிழையின்றித் தட்ட இயலாது. 1996-இல் ஒருங்குறியின் இரண்டாம் பதிப்பில்தான் 11,172 அசைகளும் இடம்பெற்றன. ஒருவன் தன் பெயரைத் தன் எழுத்தில் எழுதுவதென்பது எத்தனை பேருடைய உழைப்பின் கனி!

ஒரு பென்சில் கோடு

மடலுக்கு வருவோம். தமிழில் ஏழு வரி எழுதி, மொழிபெயர்ப்புக் கருவியிடம் கொடுத்துக் கொரிய வாசகத்தைப் பெற்றோம். மாணவி அதைப் பார்த்துத் தலையசைத்து மறுத்தாள். சிறுவர் தம் தோழரிடம் பேசும் நடையில் இருக்கிறதாம். கொரிய மொழியில் வினைச்சொல்லின் ஈறே மரியாதையைக் காட்டும் என்றாள். ஒவ்வொரு வரியின் ஈற்றையும் மாற்றிக் கொடுத்தாள். அதைப் பார்த்து ஒவ்வோர் எழுத்தாக நாமே தட்டினோம். மூன்று மாலைகள் ஆயின. அவள் சரிபார்த்துச் சென்ற பின்னர், அன்றிரவு நாமே துணிந்து இறுதியில் ஒரு வரி சேர்த்தோம்: 'நாள்தோறும் செபிக்கிறோம்.'

இரு வாரங்களுக்குப் பின் பேரனின் பதில் வந்தது. மடலை அச்சிட்டுக் கொடுத்தானாம். பாட்டி தலையணையில் சாய்ந்து அமர்ந்து, கண்ணாடி அணிந்து, எவர் துணையுமின்றித் தாமே உரக்க வாசித்தாராம். இறுதி வரியில் நின்று சிரித்து, பென்சில் கேட்டு வாங்கி, ஓர் எழுத்தைத் திருத்தினாராம். 'நாள்தோறும்' என்பதற்குக் கொரியச் சொல் 'மேஇல்'. அதில் வரும் ஏகாரத்தைப் போல ஒலிக்கும் உயிர்கள் இரண்டு. இன்றைய பேச்சில் வேறுபாடே தெரியாதபடி ஒலிப்பவை. ஒன்று 'ஓ' விசையில், மற்றது அடுத்துள்ள 'பீ' விசையில். நாம் பக்கத்து விசையைத் தட்டிவிட்டோம். அதனால் 'நாள்தோறும் செபிக்கிறோம்' என்பது 'மின்னஞ்சல் செபிக்கிறோம்' என்றாகிவிட்டது! பள்ளி ஆசிரியையைப் போலத் திருத்திய பின், அத்தாளை மடித்துத் தம் செபப்புத்தகத்தில் வைத்துக்கொண்டாராம்.

இரண்டு திங்கள் கழித்து அவர் இறைவனடி சேர்ந்தார். திருத்திய தாளின் படம் ஒன்றைப் பேரன் நமக்கு அனுப்பியிருந்தான். அந்தப் பென்சில் கோடுதான் அவர் நமக்கு எழுதிய ஒரே மடல்.

வாசகர்களே, இத்தனை நாளும் நமது பங்கில் எத்தனை பிள்ளைகளை, எத்தனை குடும்பங்களை, பாதியில் பார்த்துவிட்டுப் பிழையென்று முடிவு கட்டினோமோ என்று இப்போது எண்ணிப் பார்க்கிறோம். உங்கள் இல்லத்திலும் தவறான இடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்பதாகத் தோன்றும் பிள்ளை ஒருவன் இருக்கக்கூடும். அவனுக்குரிய இடம் அடுத்த கட்டத்தில் இருக்கலாம். அவனோடு சேரவேண்டிய உயிரெழுத்து இன்னும் வராமல் இருக்கலாம். அழிக்கும் விசையை நோக்கிச் செல்லும் விரலைச் சற்றே நிறுத்தி வைப்போம்.