வரைபடத்துக்குள் முடிவெடுப்பவை

புள்ளிவிவரங்களைப் படமாக்கும் நிரல்மொழியில் ஒரே கட்டளையில் அச்சுகளும் அளவுக்குறிகளும் செவ்வகங்களும் அமைந்துவிடுகின்றன என்றாலும், அக்கட்டளை தன் வேலையின் பெரும்பகுதியைத் துணைச் செயற்கூறுகளிடம், அதாவது ஒரு பணியை மட்டும் செய்து விடையைத் திருப்பித்தரும் சிறு நிரல்துண்டுகளிடம், ஒப்படைத்துவிடுகிறது. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மனும் உருவாக்கிய ‘ஆர்’ மொழி இதற்குத் தக்க சான்று.

3 முதல் 97 வரை பரவிய தரவை ஐந்து சம பகுதிகளாக்கினால் இடைவெளி 18.8 என வரும். படிப்பவருக்கு அது உதவாது. ஆகவே ‘பிரிட்டி’ என்னும் செயற்கூறு, பத்தின் அடுக்கு ஒன்றை 1, 2, 5 ஆகியவற்றுள் ஒன்றால் பெருக்கிக் கிடைக்கும் எண்களிலிருந்து 20ஐத் தேர்ந்து, 0 முதல் 100 வரை குறிகளை இடுகிறது.

நிகழ்வுச் செவ்வகப் படத்தில் இத்தகைய தேர்வின் விளைவு இன்னும் ஆழமானது. தரவை எத்தனை பிரிவுகளாக்குவது என்பதற்கு ‘ஆர்’ இயல்பாகக் கைக்கொள்வது 1926இல் ஸ்டர்ஜஸ் வெளியிட்ட விதி: தரவுகளின் எண்ணிக்கைக்கு 2ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கை கண்டு, ஒன்று கூட்டி, மேல்நோக்கி முழுமையாக்க வேண்டும். அதன்படி ஆயிரம் தரவுகளுக்கு 11 பிரிவுகள் கிடைக்க, பத்து லட்சம் தரவுகளுக்கோ 21 மட்டுமே கிடைக்கின்றன; அகன்ற பிரிவுகளுக்குள் அருகருகே உள்ள இரு முகடுகள் ஒன்றாகக் கலந்து, தரவில் இருக்கும் உண்மை படத்தில் காணாமற்போக இடமுண்டு. இந்த எண்ணிக்கையும் பிரிட்டியிடம் கைமாறி முழு எல்லைகளுக்கேற்பத் திருத்தப்படுவதால், பயனர் தாமே ஓர் எண்ணைக் கொடுத்தாலும் அது பரிந்துரையாகவே கொள்ளப்படுகிறது. தரவின் கால்மான இடைவீச்சைக் கணக்கில் கொள்ளும் ஃப்ரீட்மன்–டயகோனிஸ் விதி (1981) அதே மொழியில் இருந்தும், கேட்டால்தான் வரும். ஆய்வு முடிவை இத்தகைய படத்தால் நிறுவுவோர் எந்த விதியால் பிரித்தார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

துணைச் செயற்கூறுகளுள் சில எவரும் அழைக்கத்தக்கவை; வேறு சில, நிரல்தொகுப்பை எழுதியோர் தம் உட்பயனுக்கென்றே வைத்திருப்பவை. பின்னவற்றை மும்முறை முக்காற்புள்ளியிட்டு வெளியிலிருந்து அழைக்க வழியுண்டு. எனினும் அடுத்த பதிப்பில் அவை பெயர் மாறலாம், நீக்கவும் படலாம் என்பதால், அவற்றை நம்பி எழுதிய பிறர் நிரல்கள் திடீரென உடையக்கூடும். ஆசிரியர்கள் உட்பகுதியைத் தடையின்றிச் சீரமைக்க இந்த வரம்பு தேவை. படித்துப் பார்ப்பதற்கோ எத்தடையும் இல்லை: பிறைக்குறியின்றிப் பெயரை மட்டும் தட்டினால் பெரும்பாலான செயற்கூறுகளின் நிரல் திரையில் விரியும், ஸ்டர்ஜஸ் விதிக்குரிய கணக்கீடு அங்கே ஒரே வரியில் முடிந்துவிடுகிறது.