தொழில்நுட்பப் பாட ஆய்வில் இணையத் தேடலும் நூலக நூல்களும்

தொழில்நுட்பப் பாடங்களில் செயல்திட்ட அறிக்கையோ ஆய்வுக் கட்டுரையோ எழுதும் மாணவர்களுக்கு இணையத் தேடல், நூலகம் என இரண்டு முதன்மையான தகவல் வழிகள் உள்ளன. இவை ஒன்றுக்கொன்று மாற்றல்ல. தேடுபொறி, கேட்ட கேள்விக்கு விடையுள்ள பக்கங்களைக் காட்டுகிறது. நல்ல பாடநூல், அந்த விடை எந்த நிபந்தனையில் பொருந்தும் என்பதையும் சேர்த்துக் கற்பிக்கிறது.

எடுத்துக்காட்டு: கான்கிரீட் கலவை

குடிசார் பொறியியல் மாணவர் ஒருவர் எம்25 கான்கிரீட்டின் கலவை விகிதத்தைத் தேடுவதாகக் கொள்வோம். 28 நாள்களுக்குப் பின் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் அமுக்க வலிமை பெற வேண்டிய கான்கிரீட் இது. இணையத்தில் பல பக்கங்கள் 1:1:2 என்று விடை தருகின்றன. அதாவது ஒரு பங்கு சிமெண்டு, ஒரு பங்கு மணல், இரண்டு பங்கு ஜல்லி.

ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரநிலையின் 2000ஆம் ஆண்டுப் பதிப்போ, இப்படி முன்கூட்டியே வகுத்த 'பெயரளவுக் கலவை'யை எம்20 வரை மட்டுமே அனுமதிக்கிறது. அதற்கு மேற்பட்ட தரங்களுக்குப் பயன்படுத்தப்போகும் சிமெண்டு, மணல், ஜல்லி ஆகியவற்றின் பண்புகளைச் சோதித்துக் கலவையை வடிவமைக்க வேண்டும். இணையத்தில் கிடைத்த விகிதத்தை அப்படியே எழுதும் மாணவர், தரநிலை ஏற்காத ஒன்றைத் தம் அறிக்கையில் சேர்க்கிறார். கட்டுமானப் பணியில் இத்தவறு தூணின் வலிமையையே பாதிக்கலாம்.

நூலின் பலம்

பெயரளவுக் கலவை, வடிவமைப்புக் கலவை என்ற இரு வகைகள் இருப்பதை அறியாதவருக்கு அச்சொற்களைக் கொண்டு தேடத் தோன்றாது. கான்கிரீட் பற்றிய பாடநூலின் பொருளடக்கத்தைப் பார்த்தாலே அப்பிரிவுகள் கண்ணில் படும். நூலக அடுக்கும் இவ்வாறே உதவுகிறது. தூயி தசமப் பகுப்பு முறையில் கான்கிரீட் என்ற கட்டுமானப் பொருளுக்கான எண் 620.136, சிமெண்டுக்கான எண் 620.135. ஒரு நூலைத் தேடிச் செல்பவர் அதன் அருகிலேயே தொடர்புடைய மற்ற நூல்களையும் காண்பார்.

நூலின் குறை

அச்சிட்ட நூல் தன்னைத் திருத்திக்கொள்ளாது. கலவை வடிவமைப்புக்கான ஐ.எஸ். 10262 தரநிலை 1982இல் வெளிவந்து, 2009இலும் 2019இலும் திருத்தப்பட்டது. அதிக வலிமை கொண்ட கான்கிரீட்டுக்கான கலவை வடிவமைப்பு 2019ஆம் ஆண்டுப் பதிப்பில் தனியாக இடம்பெற்றுள்ளது. நூலகத்தில் உள்ள பழைய பாடநூல் 1982ஆம் ஆண்டு முறையையே விளக்கலாம். இங்கே இணையமே கைகொடுக்கிறது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் இணையதளத்தில் நடப்புத் தரநிலைகளைப் பதிவு செய்து கட்டணமின்றிப் பெறலாம். இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து நடத்தும் என்.பி.டெல். விரிவுரைகளும் இணையத்தில் கிடைக்கின்றன.

இரண்டையும் இணைத்துப் பயன்படுத்தும் முறை

1. முதலில் பாடநூலின் தொடர்புடைய இயலைப் படித்து, கலைச்சொற்களைக் குறித்துக்கொள்ள வேண்டும்.
2. நூலின் பதிப்பு ஆண்டையும் அது பின்பற்றும் தரநிலையின் ஆண்டையும் பார்க்க வேண்டும்.
3. குறித்த சொற்களைக் கொண்டு இணையத்தில் தேடி, பின்னர் வந்த திருத்தங்களை அறிய வேண்டும்.
4. இணையத்தில் ஓர் எண் கிடைத்தால், அது எந்தத் தரநிலையிலிருந்து எடுக்கப்பட்டது என்று பார்த்து, அந்த மூல ஆவணத்தில் சரிபார்க்க வேண்டும். மூலம் சொல்லாத பக்கத்திலுள்ள எண்ணை அறிக்கையில் சேர்க்கக் கூடாது.

கணினி நிரலாக்கம் போன்று விரைவாக மாறும் துறைகளில் மூன்றாம் படிக்கு அதிக நேரம் தேவைப்படும். இயக்கவியல், வெப்ப இயக்கவியல் போன்ற அடிப்படைப் பாடங்களில் பழைய நூல்களும் பெரும்பாலும் பயன் தரும். எனவே எந்த வழியை நாடுவது என்பதை முடிவு செய்யும்முன், தேடும் தகவல் காலத்தோடு மாறக்கூடியதா என்று மாணவர் கேட்டுக்கொள்வது நல்லது.