கண் நடக்கும் தெரு

பெங்களூரு பல கிராமங்களைத் தன்னுள் இழுத்துக்கொண்டு வளர்ந்த நகரம். அந்த ஊர்களின் பழைய தெருக்கள் சில இன்னும் கலையாமல் இருக்கின்றன. அப்படி ஓர் ஊரான டொம்லூரில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ள சொக்கநாதசுவாமி கோயிலைச் சுற்றி நடந்துவிட்டு, பக்கத்து இந்திரா நகரின் நேர்ச்சாலையில் அதே தூரம் நடந்து பாருங்கள். இரண்டாவது நடை நீண்டதாகத் தோன்றும். காரணம் காலில் இல்லை, கண்ணில் இருக்கிறது.

நம் பார்வை பக்கவாட்டில் ஏறத்தாழ 180 பாகை விரிகிறது. ஆனால் மிகக் கூர்மையாகத் தெரிவது நடுவில் 2 பாகைதான். கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் மறைக்கும் அளவு. அதனால் விழி நொடிக்கு ஏறக்குறைய மூன்று முறை இடம் தாவி, துண்டு துண்டாகத் தெருவைச் சேர்க்கிறது. நடக்கும்போது தலை சற்றே தாழ்ந்திருப்பதால், அந்தத் துண்டுகளில் பெரும்பாலானவை தரைத்தளத்திலிருந்தே வருகின்றன.

மணிக்கு 5 கி.மீ. வேகத்தில் நடப்பவர் நொடிக்கு 1.4 மீட்டர் கடக்கிறார். 6 மீட்டர் முகப்புள்ள வீடு நாலு நொடியில் முடிந்துவிடும். அடுத்த நாலு நொடிக்கு வேறொரு வாசல், கோலம், திண்ணை, பெட்டிக்கடை. அடுக்குமாடிக் குடியிருப்பின் 60 மீட்டர் மதிலைக் கடக்கவோ 43 நொடி ஆகும்; அத்தனை நேரமும் கண்ணுக்கு ஒரே சுவர்தான். குறுகிய முகப்புகளும் அடிக்கடி வரும் வாசல்களும் நடப்பவருக்கு எவ்வளவு முக்கியம் என்பதை டென்மார்க் கட்டடக் கலைஞர் யான் கெல் பல ஆண்டுகள் வற்புறுத்தி வந்திருக்கிறார்.

வளைவும் வேலை செய்கிறது. நேர்ச்சாலை தன் கடைசிவரை முதலிலேயே காட்டிவிடும். வளைந்த தெருவில் எதிர்வீடு பார்வையை மறிக்கும். பத்தடி வைத்ததும் விலகி, அரசமரத்தடி மேடையையும் நாகர் கற்களையும் காட்டும். பிரிட்டனைச் சேர்ந்த கோர்டன் கல்லன் 1961-ல் இதைத் ‘தொடர்காட்சி’யாக வரைந்து விளக்கினார்.

இந்தப் பழைய தெருக்களுக்கு இரண்டு ஆபத்துகள். 4 மீட்டர் சந்தில் 12 மீட்டர் உயரத்துக்குக் கட்டினால், வானம் ஒரு கீற்றாகிவிடும், வீட்டுக்குள் நுழையும் வெளிச்சம் குறைந்துவிடும். சாலையை அகலப்படுத்தினாலோ, முதலில் இடிபடுவது திண்ணை. உயரத்துக்கு வரம்பும் முகப்புக்குப் பாதுகாப்பும் சேர்ந்தே வரவேண்டும். புது லேஅவுட் வரைபவர்கள் தெருவை வலிந்து வளைக்கத் தேவையில்லை. நீண்ட மதிலை உடைத்து, தெருவைப் பார்த்து வாசல்களும் சிறு கடைகளும் வைத்தாலே பெரும்பகுதி சரியாகிவிடும்.