குதிகாலுக்குள் ஒரு தகடு

பிலிமத்தலாவையில் கண்டி வீதியை விட்டு எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏற்றம், இல்லாவிட்டால் இறக்கம். வீட்டுத் தோட்டங்களில் மிளகுக்கொடி படர்ந்த மரங்கள், கராம்பு, பலா, கித்துள், கமுகு. ஏறாமல் இவற்றில் எதுவும் கைக்கு வராது. ஏறியவர் கிளை முறிந்தோ கால் வழுக்கியோ விழும்போது, பெரும்பாலும் காலூன்றியே தரையைத் தொடுகிறார். உடம்பின் பாரமும் விழுந்த வேகமும் சேர்ந்து முதலில் இடிப்பது குதிகாலில்தான். கட்டடச் சாரத்திலிருந்து விழும் மேசன்மாருக்கும் பெயின்ட் அடிப்பவர்களுக்கும் இதே கதிதான்.

பாதத்தின் பின்பகுதியில் உள்ள ஏழு எலும்புகளில் குதிகால் எலும்பே பெரியது. மனித உடம்பில் ஏற்படும் எல்லா எலும்பு முறிவுகளிலும் இதன் பங்கு ஏறத்தாழ 2 சதவீதம்தான் என்று பாடநூல்கள் சொல்கின்றன. எண்ணிக்கை சிறியதாக இருக்கலாம். ஆனால் விழுகிறவர்களில் அநேகர் உழைக்கும் வயதுக்காரர்கள். ஒரு குதிகால் நொறுங்கினால் ஒரு குடும்பத்தின் வருமானம் மாதக்கணக்கில் நின்றுபோகிறது, சிலருக்கு அந்தத் தொழிலே முடிந்துபோகிறது.

இந்த எலும்பின் அமைப்பே அதன் பலவீனம். அடுப்பிலிருந்து இறக்கிய பாணைப் போல வெளியே மெல்லிய ஓடு, உள்ளே நுண்துளைகள் நிறைந்த மெத்தென்ற பகுதி. அன்றாட நடையின் அதிர்வை வாங்கிக்கொள்ள இது பொருத்தமானது. பத்து, பதினைந்து அடி உயரத்திலிருந்து விழும்போது மேலே இருக்கும் கணுக்கால் எலும்பு அதற்குள் இடித்து இறங்கிவிடுகிறது. குதிகால் உயரம் குறைந்து, அகலம் கூடி, பக்கவாட்டில் பிதுங்குகிறது.

உடைந்த குதிகால்களில் ஏறக்குறைய முக்கால்வாசியில் முறிவு மூட்டுக்குள்ளும் போகிறது. கணுக்கால் எலும்பும் குதிகால் எலும்பும் சந்திக்கும் அந்த மூட்டைப் பற்றி நாம் அதிகம் நினைப்பதில்லை. பாதத்தை மேலும் கீழும் அசைப்பது வேறு மூட்டு. உள்பக்கமும் வெளிப்பக்கமும் சாய்ப்பதுதான் இந்த மூட்டின் வேலை. சரிவான நிலத்தில், கல்லும் வேரும் கிடக்கும் ஒற்றையடிப் பாதையில், பாதம் தரைக்கேற்பச் சாய்ந்து கொடுப்பது இதனால்தான். கொழும்பின் நடைபாதையில் இந்த மூட்டு இறுகிப்போன ஒருவர் ஓரளவு சமாளித்துவிடுவார். மிளகுத் தோட்டத்திலும் தேயிலை மலையிலும் அது முடியாது. மலைநாட்டில் குதிகால் முறிவு வேறு எந்த இடத்தையும் விடக் கூடுதலாகக் கவனிக்கப்பட வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

உயரத்திலிருந்து விழுந்து குதிகால் நொந்தவருக்கு முதுகெலும்பையும் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். குதிகால் உடைந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு முதுகெலும்பிலும் முறிவு இருப்பதாகச் சொல்லப்படுகிறது. காலின் வலியில் முதுகு வலி மறைந்துவிடும். எண்ணெய் பூசிப் பத்துப் போடும் நாட்டு வைத்தியரிடம் முதலில் போகிறவர்களுக்கு இது தவறிப்போக இடமுண்டு.

வியன்னாவைச் சேர்ந்த லோரன்ஸ் போலர் 1931இல் எக்ஸ்ரே படத்தில் ஒரு கோணத்தை அளக்கக் கற்றுத்தந்தார். ஆரோக்கியமான குதிகாலில் அது 20 முதல் 40 பாகை வரை இருக்கும். எலும்பு நசுங்க நசுங்கக் கோணம் குறையும், மோசமான முறிவில் பூச்சியத்துக்கும் கீழே போகும். சி.டி. ஸ்கேன் வந்த பிறகு, மூட்டுப் பரப்பு எத்தனை துண்டாகியிருக்கிறது என்பதை வைத்து அமெரிக்கரான ரோய் சாண்டர்ஸ் 1993இல் வகுத்த முறை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது.

கோணத்தைத் திருப்பி எடுத்து, மூட்டுப் பரப்பைச் சமன் செய்து, தகடும் திருகாணிகளும் வைத்து நிறுத்துவதுதான் சத்திரசிகிச்சையின் நோக்கம். இடையூறு எலும்பில் மட்டும் இல்லை, தோலிலும் இருக்கிறது. குதிகாலின் வெளிப்புறத்தில் தோலுக்கும் எலும்புக்கும் நடுவே தசை என்று சொல்ல ஒன்றுமில்லை. விழுந்த சில மணி நேரத்தில் அந்த இடம் வீங்கிக் கொப்புளம் கட்டும். வீக்கம் வற்றித் தோலில் சுருக்கம் தெரியும் வரை, ஒரு வாரமோ இரண்டு வாரமோ, வைத்தியர்கள் கத்தி வைக்காமல் காத்திருப்பார்கள். "வாட்டில் படுக்க வைத்துவிட்டு ஒன்றும் செய்யாமல் இருக்கிறார்கள்" என்று உறவினர்கள் சலித்துக்கொள்ளும் நாட்கள் இவைதான். அந்தக் காத்திருப்பும் சிகிச்சையின் ஒரு பகுதி. நெடுங்காலமாகப் போடப்பட்டு வந்த பெரிய எல் வடிவ வெட்டின் மூலையில் தோல் இறந்துபோவதும் சீழ் பிடிப்பதும் வைத்தியர்கள் நன்கறிந்த ஆபத்து. புகைபிடிப்பவர்களுக்கும் நீரிழிவு உள்ளவர்களுக்கும் அது இன்னும் கூடும்.

இவ்வளவு பாடுபட்டு வைக்கும் தகடு பலன் தருகிறதா? பிரித்தானியாவில் 22 வைத்தியசாலைகள் சேர்ந்து 151 பேரிடம் இதைச் சோதித்துப் பார்த்தன. மூட்டுக்குள் போன முறிவு உள்ளவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு சத்திரசிகிச்சை, மறு பாதிக்குக் காலை உயர்த்தி வைத்து, பனிக்கட்டி ஒத்தடம் கொடுத்து, படிப்படியாகப் பயிற்சி. முடிவு 2014இல் பிரித்தானிய மருத்துவ இதழில் வெளியானது. இரண்டு ஆண்டுகள் கழித்து வலியிலும் நடையிலும் இரு தரப்பாருக்கும் பொருட்படுத்தத்தக்க வித்தியாசம் இல்லை. ஆனால் சிக்கல்கள் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களில் 23 சதவீதத்தினருக்கும், செய்யாதவர்களில் 4 சதவீதத்தினருக்கும் வந்தன.

இதைப் படித்துவிட்டு யாரும் சத்திரசிகிச்சையே வேண்டாம் என்று சொல்லிவிடக் கூடாது. எலும்பு மிக மோசமாகப் பிதுங்கியவர்களை அந்த ஆய்வு சேர்க்கவில்லை. தோல் கிழிந்து எலும்பு வெளியே வந்தவர்களின் நிலை வேறு. குதிகாலின் பின்துண்டு மேலே இழுக்கப்பட்டுத் தோலை அழுத்தும் வகை முறிவில் ஒரு நாள் தாமதித்தாலும் தோல் போய்விடும். ஆனாலும், உடைந்ததென்றால் தகடு வைத்தே ஆக வேண்டும் என்ற பொது நம்பிக்கைக்கு இந்த எலும்பு இடம் கொடுக்கவில்லை.

அந்தக் காயச் சிக்கலைத் தவிர்க்கவே புதிய சாதனங்கள் வந்தன. சிறிய வெட்டின் வழியே நுழைக்கும் மெல்லிய தகடுகள் சில. குதிகாலின் பின்னாலிருந்து எலும்புக்குள்ளேயே செலுத்தும் ஆணிகள் இன்னும் சில. பிரான்சில் மாரியோ கோல்ட்சாக்கும், ஜெர்மனியின் டிரெஸ்டனில் ஹான்ஸ் ஸ்விப்பும் அவருடன் வேலை செய்த வைத்தியர்களும் இந்த ஆணிகளை வளர்த்தெடுத்தார்கள். ஆண்டுதோறும் ஏதாவது ஒரு நிறுவனம் தன் குதிகால் சாதனத்துக்கு "அமெரிக்க அனுமதி கிடைத்தது" என்று அறிவிப்பதைப் பார்க்கிறோம். அந்த அனுமதி என்ன சொல்கிறது என்று சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் எலும்புத் தகடும் திருகாணியும் இரண்டாம் வகுப்புச் சாதனங்கள். உணவு, மருந்துச் சட்டத்தின் 510(கே) என்ற பிரிவு 1976 திருத்தத்தோடு வந்தது. அதன்படி, நிறுவனம் தன் சாதனம் ஏற்கெனவே சந்தையில் உள்ள இன்ன சாதனத்துக்குக் கணிசமாக ஒப்பானது என்று காட்டினால் போதும். உலோகம் எது? பெரும்பாலும் 6 சதவீத அலுமினியமும் 4 சதவீத வனேடியமும் கலந்த டைட்டேனியம். அது உடம்போடு ஒத்துப்போகிறதா? ஆய்வுகூட இயந்திரத்தில் இலட்சக்கணக்கான தடவை வளைத்தாலும் தகடு முறியாமல் நிற்கிறதா? திருகாணி எவ்வளவு முறுக்கைத் தாங்கும்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இருந்தால் அனுமதி உண்டு. புதிய தகட்டை வைத்துக்கொண்ட மனிதர்கள் நன்றாக நடக்கிறார்களா என்று ஆராய்ந்து காட்டும்படி பெரும்பாலும் கேட்பதில்லை.

இதில் ஒளிவுமறைவு ஏதுமில்லை. 510(கே) வழியாக வந்த சாதனத்தை அரசு அங்கீகரித்தது என்ற எண்ணம் வரும்படி விளம்பரம் செய்வதை அமெரிக்க விதிகளே தடை செய்கின்றன. இந்த வழி ஒப்புமையைப் பார்க்கிறதே தவிரப் பாதுகாப்பை அல்ல என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1996இல் ஒரு தீர்ப்பில் சுட்டிக்காட்டியது. பாதுகாப்பையும் பயனையும் மதிப்பிடும் கருவியாக இதை மாற்றவே முடியாது, வேறு முறை வகுக்க வேண்டும் என்று அமெரிக்க மருத்துவக் கழகத்தின் நிபுணர் குழு 2011இல் பரிந்துரைத்தது. தகட்டின் ஒரு துளையை நகர்த்தியதற்கெல்லாம் நூற்றுக்கணக்கான நோயாளிகளை வைத்து ஆய்வு செய்ய முடியாது என்பதை நானும் ஏற்கிறேன். என் கவலை, தகடு உடையாது என்று சொல்லும் பத்திரத்தை, கால் குணமாகும் என்று சொல்லும் பத்திரமாக நாம் படிப்பதைப் பற்றியது. குதிகாலைப் போல இந்த இரண்டுக்கும் இடையில் இவ்வளவு தூரம் உள்ள எலும்புகள் அதிகமில்லை.

அந்த இடைவெளி எவ்வளவு தீங்கு செய்யும் என்பதை இடுப்பு மூட்டு காட்டியது. உலோகத்தோடு உலோகம் உராயும் டெப்யூ ஏ.எஸ்.ஆர். என்ற செயற்கை மூட்டு, அமெரிக்காவில் இதே ஒப்புமை வழியில்தான் சந்தைக்கு வந்தது. அது எதிர்பார்த்ததைவிட விரைவில் பழுதாகிறது என்பதை முதலில் எடுத்துக்காட்டியவற்றில் ஒன்று, 1999இல் தொடங்கிய அவுஸ்திரேலியாவின் தேசிய மூட்டுப் பதிவேடு. யாருக்கு எந்த மூட்டு வைத்தார்கள், யாருக்குத் திரும்ப சத்திரசிகிச்சை செய்தார்கள் என்று பொறுமையாகக் குறித்துவந்த ஏடு அது. 2010 ஆகஸ்டில் உலகெங்கும் அந்த மூட்டு திரும்பப் பெறப்பட்டபோது சுமார் 93,000 பேருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. இந்தியாவில் மட்டும் ஏறக்குறைய 4,700 பேர். அவர்களில் பலரைத் தேடிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாகிவிட்டது.

நம் நாட்டில் மருத்துவ சாதனங்களைப் பதிவு செய்வது தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் அதை உருவாக்கியது. அந்தச் சட்டத்துக்கான எண்ணம் பிலிமத்தலாவைக்குப் பக்கத்திலேயே பிறந்தது என்று சொல்வதில் மிகையில்லை. பேராதனை மருத்துவ பீடத்தின் முதல் பீடாதிபதி பேராசிரியர் சேனக பிபிலே வகுத்த ஔடதக் கொள்கைதான் அதன் ஆணிவேர். அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் 1971இல் அமைந்ததும் அவருடைய முயற்சியால். அவர் 1977இல் காலமாகி 38 ஆண்டுகள் கழித்தே சட்டம் வந்தது.

வெளிநாட்டிலிருந்து வரும் தகடு உள்ளூர் முகவர் வழியாகப் பதிவாக வேண்டும். பிறந்த நாட்டில் விற்பனை உரிமை இருக்கிறதா, தொழிற்சாலை தரச்சான்று பெற்றதா, அமெரிக்காவோ ஐரோப்பாவோ அனுமதித்திருக்கிறதா என்பவையே இங்கு பெரிதும் பார்க்கப்படும் ஆவணங்கள். அங்கே பார்த்தது ஒப்புமை என்றால், இங்கே நாம் பார்ப்பது அந்த ஒப்புமையின் பிரதி. சட்டத்தின் 109ஆம் பிரிவு, உயிர்காப்பு, தொற்றுநோய், தேசிய அவசரநிலை போன்ற விசேட நேரங்களில் குறிப்பிட்ட அளவு பொருட்களைத் தனி அனுமதியில் கொண்டுவர இடமளிக்கிறது. தேவையான பிரிவுதான். 2022 மார்ச்சில், மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனை போதனா வைத்தியசாலையில் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்ட செய்தி இந்திய வெளியுறவு அமைச்சரைக்கூட உதவிக்கு முன்வரச் செய்தது. அப்படிப்பட்ட காலத்தில் கதவை முழுவதும் சாத்திவைக்க முடியாது. ஆனால் அவசரக் கதவு வழியே எது நுழையும் என்பதை அடுத்த ஆண்டே இம்யூனோகுளோபுலின் விவகாரம் காட்டியது. போலி ஆவணங்களோடு வந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட மருந்து அரச வைத்தியசாலைகளை எட்டியது. அப்போது சுகாதார அமைச்சராக இருந்தவர் 2024 பெப்ரவரியில் கைதானார்.

மேசையில் பத்திரத்தைச் சரிபார்ப்பது அவசியம். அதைவிட அவசியம், கால்களைப் பின்தொடர்வது. சுவீடனில் 2011 முதல் எலும்பு முறிவுக்கென்றே ஒரு பதிவேடு நடக்கிறது. கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனையிலும் குதிகாலுக்குத் தகடு வைத்தவர்கள், வைக்காதவர்கள் எல்லோரையும் ஓர் ஆண்டு, இரண்டு ஆண்டு கழித்து அழைத்து, "மேட்டில் ஏற முடிகிறதா? பழைய வேலைக்குத் திரும்பினீர்களா?" என்று கேட்டு எழுதி வைத்தால், சரிவில் வாழும் மனிதர்களுக்கு எது நல்லது என்ற கேள்விக்கு எந்த வெளிநாட்டு ஆய்வும் தராத பதில் கிடைக்கும். இதற்கு விலையுயர்ந்த இயந்திரம் எதுவும் தேவையில்லை. ஓர் எழுதுவினைஞரும் தொலைபேசியும் போதும்.

ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. செயற்கை இடுப்பு மூட்டு ஒவ்வொன்றும் தனிப் பொதியில், இலக்கம் அச்சிட்ட ஸ்டிக்கரோடு வரும். முறிவுத் தகடுகளும் திருகாணிகளும் அப்படியல்ல. பல வகை அளவுகளில் ஒரே தட்டில் அடுக்கி வந்து, வைத்தியசாலையிலேயே கிருமி நீக்கப்பட்டு, தேவையானது எடுக்கப்படும். எந்தத் தொகுதியின் திருகாணி யாருடைய குதிகாலில் போனது என்ற தடம் அங்கேயே அழிந்துவிடுகிறது. நாளை ஒரு தொகுதி பழுதென்று தெரியவந்தால் யாரை அழைப்பது? தகட்டின் மேல் பொறித்திருக்கும் நிறுவனப் பெயரையும் தொகுதி இலக்கத்தையும் சத்திரசிகிச்சை முடிந்த கையோடு குறித்துக்கொள்ள இரண்டு நிமிடம் ஆகும். வீட்டுக்கு அனுப்பும்போது தரும் டயக்னோசிஸ் கார்ட்டில் அந்த இரண்டு வரியையும் எழுதித் தரும்படி நோயாளியோ அவரைக் கூட்டிப்போக வந்தவரோ கேட்கலாம். அதற்கு முன்னால், கையெழுத்துப் போடும் நேரத்தில், "தகடு வைக்காமல் விட்டால் என் கால் எப்படி இருக்கும் டொக்டர்?" என்றும் கேட்கலாம். குதிகாலைப் பொறுத்தவரை அது வைத்தியரும் யோசித்துப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.