அடுக்கு மாறினால் ஒளியும் மாறும்

இயந்திரங்களின் உராய்வைக் குறைக்கப் பூசப்படும் கரிய மசகுகளில் மாலிப்டினம் டைசல்பைடு நெடுங்காலமாகப் பயன்பட்டுவருகிறது. அதன் படிகம் தாள் தாளாக அடுக்கப்பட்டது; தாள்கள் எளிதில் வழுக்குவதால்தான் அது மசகாகிறது. அதிலிருந்து ஒரே ஒரு தாளைப் பிரித்து, அதன்மீது லேசர் ஒளியைப் பாய்ச்சினால் அது சிவப்பாக ஒளிரும் என்பதை முதன்முதலாகப் படித்தபோது நான் வியந்துபோனேன்.

அடுக்குகள் பெருகினால் விளைவும் பெருகும் என்றே நாம் எண்ணுவோம். 2004-இல் மான்செஸ்டரில் பிரித்தெடுக்கப்பட்ட கிராபீன் ஏறத்தாழ அப்படித்தான் நடந்துகொள்கிறது. ஓர் அணு மட்டுமே தடிமனுள்ள அதன் ஒரு தாள், தன்மீது விழும் ஒளியில் சுமார் 2.3 விழுக்காட்டை உறிஞ்சும். சில தாள்களை அடுக்கினால் அந்த அளவும் தாளுக்குத் தாள் கூடிக்கொண்டே போகும்.

மாலிப்டினம் டைசல்பைடு இந்தக் கணக்குக்கு அடங்குவதில்லை. கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் பெர்க்லியிலும் இயங்கிய இரு குழுக்கள் 2010-இல் இதைத் தனித்தனியே காட்டின. ஒற்றைத் தாளின் ஒளிரும் திறன், தடித்த படிகத்தினுடையதைவிடப் பல்லாயிரம் மடங்கு அதிகம். காரணம் என்ன? ஒளி பட்டு மேலெழுந்த எலெக்ட்ரான், தான் விட்டுவந்த வெற்றிடத்துக்குத் திரும்பும்போதுதான் ஒளி உமிழப்படும். தடித்த படிகத்தில் அண்டைத் தாள்களின் கந்தக அணுக்கள் ஒன்றையொன்று பாதிக்கின்றன. அதனால் எலெக்ட்ரானின் உந்தமும் வெற்றிடத்தின் உந்தமும் பொருந்துவதில்லை. ஆற்றல் பெரும்பாலும் வெப்பமாக வீணாகிறது. அண்டைத் தாள் இல்லாதபோது இரண்டும் பொருந்திவிடுகின்றன. ஆற்றல் இடைவெளியும் சுமார் 1.3 எலெக்ட்ரான் வோல்ட்டிலிருந்து 1.9 ஆக உயர்கிறது.

எண்ணிக்கை மட்டுமல்ல, அடுக்கும் திசையும் முக்கியம். அகச்சிவப்பு லேசரின் அதிர்வெண்ணை இரட்டித்துப் பச்சை ஒளி தரும் சுட்டிகளை நாம் அறிவோம். மாலிப்டினம் டைசல்பைடின் ஒற்றைத் தாளும் இவ்வாறு அதிர்வெண்ணை இரட்டிக்கும். இயற்கையில் பெரும்பாலும் காணப்படும் அமைப்பில், ஒவ்வொரு தாளும் கீழுள்ள தாளுக்கு எதிர்த்திசையில் அமர்ந்திருக்கும். எனவே இரண்டு தாள்கள் சேர்ந்தால் விளைவு ஏறக்குறைய மறைந்துபோகும். எல்லாத் தாள்களையும் ஒரே திசையில் அடுக்கினாலோ, இரட்டித்த ஒளியின் செறிவு தாள்களின் எண்ணிக்கையின் இருமடியாக வளரும். பொருள் ஒன்றே, அடுக்கிய விதம் மட்டுமே வேறு.

புதுப்புது ‘அதிசயப் பொருள்’களைத் தேடுவதைவிட, கையிலிருப்பதைப் பிழையின்றி அடுக்கக் கற்பதே இத்துறையின் இன்றைய முதன்மைத் தேவை என்பது என் கருத்து. ஒட்டுநாடாவால் உரித்தெடுத்த நுண்துண்டில் கிடைத்த வெற்றி கைக்கருவியாக மாற வேண்டுமானால், அகன்ற பரப்பு முழுவதும் தாள்களின் எண்ணிக்கையும் திசையும் பிசகாமல் அமைய வேண்டும். அதற்கான வளர்ப்பு முறைகளுக்கும் அளவீட்டுக் கருவிகளுக்கும் நிதி தாராளமாகக் கிடைக்க வேண்டும். அடுத்த முறை இத்தகைய பொருளைப் பற்றிய செய்தியைப் படிக்கும்போது அது என்ன பொருள் என்று மட்டும் கேட்காதீர்கள். எத்தனை தாள், எந்தத் திசையில் என்றும் கேளுங்கள்.